ஒட்டகத்தைக் கட்டிய பின்



ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, அதன் பிறகே அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டும்படி தம்மிடம் வந்த ஒருவருக்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அனைவரும் அறிவோம். பிள்ளைகளுக்குப் பலமுறை எடுத்துச் சொல்லியும் இருக்கிறோம். அறுபதைக் கடந்த நான் அதன் முழுப்பொருளை உணர்ந்தது ஒரு மலைச்சரிவில், என் மகனுக்கு முன்னால் தலைகுனிந்து நின்றபோதுதான்.

சுவிட்சர்லாந்தில் பணிபுரியும் அவனைக் காண நானும் என் துணைவியும் சென்ற ஆண்டு ஆகஸ்டில் சென்றிருந்தோம். ஸெர்மாட் என்னும் ஊருக்கு மேலே, 4,478 மீட்டர் உயரமுள்ள மாட்டர்ஹார்ன் சிகரத்தின் தோளில், ‘ஹோர்ன்லி’ என்னும் மலைக்குடில் இருக்கிறது. சிகரம் ஏறுவோர் இரவு தங்குவதற்காக 1880-இல் முதன்முதலாகக் கட்டப்பட்டது. பின்னர் விரிவாகப் புதுப்பிக்கப்பட்டு 2015-இல் மீண்டும் திறக்கப்பட்டது. சிகரம் நமக்கானதன்று, ஆனால் குடில்வரை சென்று ஒரே நாளில் திரும்பிவிடலாம். என் மகனும், மருமகனும், நானும் புறப்படுவதென முடிவாயிற்று.

ஒரு வாரம் முன்னதாகவே உணவு மேசைமீது வரைபடம் விரிந்தது. மூவர் பயணம் செய்தால் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்வது நம் மார்க்கம் கற்பித்த ஒழுங்கன்றோ? மலைப்பாதைகளை அறிந்தவன் என்பதால் மகனையே அமீராக நியமித்தேன். வாழ்நாளில் அவனுக்குக் கட்டளையிட்டே பழகியவன் நான். அன்று பெருந்தன்மையாக நடந்துகொண்டதாக எனக்குள் ஒரு மகிழ்ச்சியும் இருந்தது.

அவன் போட்ட கணக்கு உங்களுக்கும் பயன்படலாம். ஒரு மணி நேரத்தில் 300 மீட்டர் உயரம் ஏறலாம். 500 மீட்டர் இறங்கலாம். தொலைவானால் 4 கிலோமீட்டர் நடக்கலாம். உயரத்துக்கும் தொலைவுக்கும் தனித்தனியே நேரத்தைக் கணக்கிட்டு, பெரியதை முழுமையாகவும் சிறியதைப் பாதியாகவும் கூட்ட வேண்டும். ஸெர்மாட்டிலிருந்து ரோப் காரில் ஷ்வார்ட்ஸே என்னும் ஏரிக்கரைக்குச் சென்றால் 2,583 மீட்டர். குடில் 3,260 மீட்டர். எனவே ஏறுவதற்கு இரண்டே முக்கால் மணி. இறங்குவதற்கு ஏறக்குறைய இரண்டு மணி. அங்குள்ள மஞ்சள் கைகாட்டிப் பலகைகளும் தூரத்தைச் சொல்வதில்லை. நடக்கும் நேரத்தையே சொல்கின்றன. ஓய்வு அதில் சேராது.

பாதையின் தரத்தைக் கற்களில் தீட்டிய வண்ணங்கள் உணர்த்துகின்றன. மஞ்சள் எல்லோருக்கும் உரியது. வெள்ளை, சிவப்பு, வெள்ளை எனில் செங்குத்தான மலைப்பாதை. அடி பிசகாத கால்கள் வேண்டும். வெள்ளை, நீலம், வெள்ளை எனில் பாறையும் பனிக்கட்டியும் கடக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே.

கோடையில் பிற்பகல் நேரத்தில்தான் அம்மலைகளில் இடி மின்னல் எழும். மாலையில் கடைசி ரோப் கார் நமக்காகக் காத்திராது. ஆகவே எங்கிருந்தாலும் பன்னிரண்டரை மணிக்குத் திரும்பிவிடுவதென உறுதி செய்தோம். குளிருக்கும் மழைக்குமான உடை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், குடிலில் ஹலால் உணவை எதிர்பார்க்க இயலாதாகையால் ரொட்டி, அவித்த முட்டை, பேரீச்சம்பழம் யாவும் பையில் ஏறின.

இறுதியாக மகன் கேட்டான்: “வாப்பா, உங்கள் உடம்பில் ஏதேனும் குறை உண்டா? அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.”

“ஒன்றுமில்லை” என்றேன்.

ஆறு மாதமாக என் வலது முழங்காலில் வலி. மருத்துவர் எச்சரித்திருந்தார். என் துணைவி கண்ணாலேயே கேட்டார். நான் கண்ணாலேயே அடக்கினேன்.

காலை ஒன்பதேகாலுக்கு ஏரிக்கரையிலிருந்து நடந்தோம். முதலில் புல்வெளி, பிறகு வெறும் கல். பாறைச்சுவரோடு பிணைத்த இரும்பு நடைபாதையும் படிகளும் வந்தன. காலுக்குக் கீழே பள்ளம். அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே, மூச்சு வாங்கியது. முழங்கால் ஒவ்வோர் அடிக்கும் குத்தியது. “காட்சியைப் பார்க்கிறேன்” என்று சொல்லிச் சொல்லி நின்றேன்.

பன்னிரண்டரை ஆயிற்று. தலைக்கு மேலே முகட்டில் குடில் கண்ணுக்குத் தெரிந்தது. “முக்கால் மணி நேரம்தான் மாமா” என்றார் மருமகன். மகன் வானத்தைப் பார்த்தான். “திரும்புவோம் வாப்பா.”

“இவ்வளவு தூரம் வந்துவிட்டு...” எனத் தொடங்கினேன்.

“என்னை அமீராக்கியது நீங்கள்தானே வாப்பா?”

அவன் குரலில் கடுமை இல்லை. அதுதான் என்னை உடைத்தது. முழங்காலைப் பற்றிய உண்மையை அங்கேயே சொன்னேன். கணக்கில் பிழையில்லை; கொடுத்த எண்ணே பொய். என் கௌரவத்துக்காக மூவரின் பாதுகாப்பையும் பணயம் வைத்திருக்கிறேன்.

அவன் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. என் பையை வாங்கி மருமகனிடம் தந்தான். தன் ஊன்றுகோலை என் கையில் கொடுத்தான். பிறகு எனக்கு ஒரு படி கீழே, முகத்தை என் பக்கம் திருப்பியவாறு இறங்கினான். நான் சறுக்கினால் முதலில் அவன்மீதுதான் விழுவேன். அவன் நடைபழகிய நாளில் நான் அவ்வாறே அவனுக்கு முன் பின்னோக்கி நடந்தது நினைவுக்கு வந்தது.

1865-ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று அச்சிகரத்தை முதன்முதலில் அடைந்த எழுவரில் நால்வர் இறங்கும்போதுதான் கயிறு அறுந்து மாண்டனர். உயிர் பிழைத்த மூவரில் இருவர், வழிகாட்டிகளாகச் சென்ற ஒரு தந்தையும் மகனும். முந்தைய நாள் கேட்ட அச்செய்தி, ஒவ்வொரு படியிலும் என் நெஞ்சில் ஒலித்தது.

இரண்டு மணிப் பாதைக்கு எனக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. ஏரியில் ஒளுச் செய்து, பயணிகளுக்கான சலுகைப்படி ளுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழுதோம். மேற்கு நோக்கியே பழகிய நமக்கு அங்கே கிப்லா தென்கிழக்கு. மகன் இமாமாக நின்றான். நான் அமர்ந்து தொழுதேன். ஸலாம் கொடுத்துச் சிறிது நேரத்தில் முகடு கருத்தது, இடி முழங்கியது, ஆலங்கட்டி கொட்டியது. குடிலைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவேன் என்று நான் பிடிவாதம் பிடித்திருந்தால், அவ்வேளையில் அந்த இரும்புப் படிகளில் நின்றிருப்போம். அல்ஹம்துலில்லாஹ்!

சகோதர, சகோதரிகளே! இன்று நம் பிள்ளைகள் பல நாடுகளில் இருக்கிறார்கள். நம்மை அழைத்துச் சென்று உலகைக் காட்ட ஆசைப்படுகிறார்கள். தாராளமாகச் செல்லுங்கள். ஆனால் உங்கள் வலியையும், நீங்கள் உண்ணும் மருந்தையும் மறைக்காதீர்கள். ஒட்டகத்தைக் கட்டும் கயிற்றில் உண்மையும் ஓர் இழை. அது இல்லாமல் முடிச்சு நிற்காது.

குடிலை நான் இன்னும் அடையவில்லை. முழங்காலுக்குச் சிகிச்சை நடக்கிறது. அல்லாஹ் நாடினால் மீண்டும் செல்வோம். அப்போதும் அவனே அமீர். நம் பிள்ளைகளைக் கண்குளிர்ச்சியாகவும், நம்மை அவர்களுக்குச் சுமையாகாதவர்களாகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.