வால் ஒட்டவைத்த கதை

வெள்ளிக்கிழமை இரவு நிகழ்ச்சியில் வாரம் ஒரு நாவலைக் கதையாகச் சொல்வேன். பன்னிரண்டு நிமிடம். சென்ற மாதம் நேயர்களை அண்டார்க்டிகாவுக்கு அழைத்துப் போனேன். அமெரிக்க எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்ட் 1931இல் எழுதி, 1936இல் ஓர் இதழில் தொடராக வந்த ‘அட் தி மவுண்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்’.

கற்பனைப் பல்கலைக்கழகம் ஒன்று தென்துருவத்துக்கு ஆய்வுக் குழு அனுப்புகிறது. ஒரு பிரிவு விமானங்களில் முன்னே பறந்துபோய், கண்டதையெல்லாம் வயர்லெஸ்ஸில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பிறகு புயல். அதன்பின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. வானொலியில் வேலை செய்பவளுக்கு இதைவிடப் பயங்கரமான கதை கிடைக்குமா? அந்த இடத்தில் ஐந்து விநாடி மௌனம் விட்டு, அத்தோடு முடித்தேன்.

ஆனால் நடுவில் ஒரு வரி சொல்லியிருந்தேன். “இவர்கள் போனது டோர்னியர் வால் விமானத்தில். அமுண்ட்சன் வடதுருவத்துக்குக் கொண்டு போனாரே, அதே வகை.” நாவலில் டோர்னியர் என்ற பெயர் மட்டும்தான் உண்டு. ‘வால்’ நானாக ஒட்டவைத்தது. (ஜெர்மன் மொழியில் வால் என்றால் திமிங்கிலம்.)

வீட்டுக்குப் போகும் வழியில் புலனத்தில் அப்பாவின் குரல்பதிவு. சுபாங்கில் முப்பது வருடம் விமானம் பழுதுபார்த்தவர். அதுவரை என் நிகழ்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

“ஏம்மா, வால் படகு விமானமாச்சே. 23,000 அடிக்கு மேல ஏறிச்சுன்னு சொல்றே. யாரு சொன்னா உனக்கு?”

யாரும் சொல்லவில்லை.

மறுநாள் அப்பா வீட்டில் சாப்பாட்டு மேசை முழுக்கப் புத்தகங்கள். என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 1925 மே மாதம் அமுண்ட்சன் குழு, ஆறு பேர், என்24, என்25 என்ற இரண்டு டோர்னியர் வால்களில் ஸ்பிட்ஸ்பெர்கனிலிருந்து கிளம்பி, 88 பாகைக்குச் சற்று முன்னே பனிக்கட்டிகளுக்கு நடுவில் இறங்கியது. மூன்று வாரத்துக்கு மேல் பனியைச் செதுக்கி ஓடுபாதை போட்டு, ஆறு பேரும் என்25 ஒன்றிலேயே திரும்பினார்கள். உலோக அடிப்பகுதி என்பதால் பனிமேல் சறுக்கி எழ முடிந்தது. இன்னொன்றும் கிடைத்தது. அதே என்25ஐ ஜெர்மானியர் வொல்ஃப்காங் வான் குரோனா அட்லாண்டிக் தாண்டி ஓட்டி, 1930 ஆகஸ்ட் 26இல் நியூயார்க்கில் இறக்கினார். நாவலின் கப்பல் பாஸ்டனை விட்டுப் புறப்படுவது அதே ஆண்டு செப்டம்பர் 2. ஒரு வாரம்தான் இடைவெளி! மேசையைத் தட்டியே சொன்னேன்.

அப்பா அசையவில்லை. “தேதி சரிம்மா. எஞ்சின் ஏறணுமே?”

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். 1929 நவம்பரில் பைர்ட் குழுவின் ஃபோர்ட் விமானம் தென்துருவத்துக்குப் பறந்தபோது, மலை இடுக்கைத் தாண்ட முடியாமல் உணவு மூட்டைகளை வெளியே வீச வேண்டி வந்தது. அங்கே ஏற வேண்டியிருந்த உயரம் சுமார் 3,000 மீட்டர். நாவலில் வரும் கணவாயோ 7,000 மீட்டருக்கு மேல். வால் அதில் பாதியைத் தாண்டுவதே கடினம். அப்பா தம் பங்குக்கு டோர்னியர் மெர்குர் என்ற ஒற்றை எஞ்சின் விமானத்தை முன்வைத்தார். சக்கரத்தைக் கழற்றி ஸ்கீ மாட்டலாமாம். சுமையோடு அதுவும் அந்த உயரத்துக்கு ஏறாது என்று அவரே பிறகு தள்ளிவிட்டார்.

லவ்கிராஃப்ட் கெட்டிக்காரர். அந்த உயரத்துக்கென்றே தனியாக வடிவமைத்த விமானங்கள் என்று எழுதித் தப்பித்துக்கொண்டார். துருவச் செய்திகளைச் சிறு வயதிலிருந்தே தேடிப் படித்தவர். டோர்னியர் என்ற பெயர் அமுண்ட்சன் வழியாகத்தான் அவர் காதில் விழுந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் நினைப்பதை நினைப்பு என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ‘அதே வகை’ என்று அறிவிப்பாளர் குரலில் அடித்துச் சொன்னது என் கோளாறு.

அடுத்த வெள்ளி முதல் நிமிடத்திலேயே திருத்தினேன். ஒரு வானொலி விளம்பரம் நீளம்கூட வரவில்லை. தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புருவத்தை உயர்த்தினார்.

அன்றிரவும் அப்பாவிடமிருந்து குரல்பதிவு. வாலைப் பற்றியோ, திருத்தத்தைப் பற்றியோ ஒன்றுமில்லை.

“அந்த வயர்லெஸ்ஸு நின்னு போச்சுன்னியே, அந்தப் பசங்களுக்கு என்னம்மா ஆச்சு? பாதியில விட்டுட்டே.”