குழியும் கயிறும்

ஆம்பூர் என்றதும் பலருக்குப் பிரியாணி நினைவுக்கு வரும். ஆனால் அவ்வூரின் பல இல்லங்களில் அடுப்பெரிவது தோல் தொழிலால். பாலாற்றை ஒட்டிய ராணிப்பேட்டைக்கும் வாணியம்பாடிக்கும் வாழ்வளிப்பது அத்தொழிலே.

பச்சைத் தோலினின்று மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பர். பின்னர், குரோம் ஏற்றுமுன், உப்பும் அமிலமும் கலந்த நீரில் தோலை ஊறவைப்பர். இவ்விரு வேலைகளின் கழிவுநீரும் ஒரே குழியிற் கலந்தால் ஹைடிரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு எழும். காற்றினும் கனமான அது குழியின் அடியிலேயே தங்கிவிடும்.

அவ்வாயு மனிதனை ஏமாற்றும் வகை வியப்புக்குரியது. மிகச் சிறிதளவு இருக்கும்போது அழுகிய முட்டையைப்போல் நாறும். பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 100 பங்காகப் பெருகியதும் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தோன்றாது. 'நாற்றம் அடங்கிவிட்டது, இறங்கலாம்' என்று எண்ணுபவன் அறிவிலி அல்லன். தன் புலனை நம்பியவன். பல ஆண்டு அந்நாற்றத்திலேயே உழன்றவனோ அதனைப் பொருட்படுத்துவதே இல்லை. பிற தொழில்களிற் காவலாகும் பழக்கம் இங்கே பகையாகிவிடுகிறது.

அவன் சாய்ந்தபின் நிகழ்வது இன்னும் கொடிது. மேலே நிற்பவன் அவனோடு நாள்தோறும் உண்டவன். சில வேளைகளில் உடன்பிறந்தவன். அவன் எண்ணிப் பார்ப்பதில்லை, குதித்துவிடுகிறான். இத்தகைய அடைபட்ட இடங்களில் இறந்தோருள் நூற்றுக்கு 60 பேருக்கு மேற்பட்டோர் காப்பாற்றச் சென்றவர்களே என்று, அமெரிக்க நாட்டுத் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1986-இல் எச்சரித்தது.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், தன் 36-ஆம் பிரிவில் இதற்கு வழி வகுத்திருந்தது. குழியின் காற்றைச் சோதித்துத் தகுதியுடையார் எழுத்தில் சான்றளிக்க வேண்டும். இல்லையேல், இறங்குபவன் மூச்சுக்கருவி அணிய வேண்டும். அவன் இடுப்புவாரிற் பிணைத்த கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவன் பற்றியிருக்க வேண்டும். கீழிருப்பவனை மட்டுமா அக்கயிறு காக்கிறது? கையிற் கயிறு இருந்தால் மேலிருப்பவனின் அன்பு இழுக்கும், இல்லாவிடில் குதிக்கும்.

உயிர் போனபின் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதி முடிப்பது எளிது. கயிறு ஏன் அங்கில்லை என்று கேட்பாரோ சிலரே. கடைசியிற் கைபட்டவனின் பிழை வேறு, திட்டத்திலும் நிருவாகத்திலும் நெடுநாள் உறங்கிக்கிடக்கும் பிழை வேறு என்று, ஜேம்ஸ் ரீசன் என்னும் ஆங்கில உளவியலறிஞர் மனிதப் பிழையைப் பற்றி 1990-இல் வெளியிட்ட நூலிற் பிரித்துக் காட்டினார்.

இவ்வேறுபாட்டை ராணிப்பேட்டை நேரிற் கண்டது. 2015 ஜனவரி 31 அன்று, பொழுது விடியுமுன், தொழிற்பேட்டையின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் தொட்டிச் சுவர் ஒன்று இடிந்தது. தேங்கியிருந்த கழிவு அடுத்திருந்த தோல் ஆலைக்குட் பாய்ந்து, பத்துத் தொழிலாளரின் உயிரைக் குடித்தது. அவர்கள் கையில் அந்நேரம் எக்கருவியும் இல்லை. அவர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள்.