வீடு யாருடையது?

தமிழ்ச் சினிமாவிலும் கதைகளிலும் கூட்டுக்குடும்பம் என்றால் மருமகள் மாமியார் வீட்டுக்குள் வருவாள். கல்முனைக் கரையில் பிறந்த நமக்கு இது அந்நியமான காட்சி. இங்கே வீடு மாறுபவன் ஆண்தான். நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிபோகிறான். மூத்தம்மா, உம்மா, மகள் என்று இறங்கும் பெண்வழியே நமது கூட்டுக்குடும்பத்தின் நடுத்தூண். குடிகூட நமக்கு உம்மா வழியாகவே வருகிறது. இவ்வழக்கம் இங்குள்ள தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. 1969இல் அக்கரைப்பற்றுக்கு ஆய்வுக்கு வந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

நானும் இருபத்திரண்டு வருடமாக மனைவியின் வீட்டில்தான் இருக்கிறேன். அட்டாளைச்சேனை ஆசிரிய கலாசாலையில் பயிற்சி முடித்த கையோடு கல்யாணம். முன்வீட்டை எங்களுக்கு விட்டுவிட்டு, மாமாவும் மாமியும் பின்வளவில் ஓர் அறையும் குசினியும் கட்டிக்கொண்டு போனார்கள். மாமியின் உம்மா அப்போது உயிரோடிருந்தார். மகள் பிறந்தபோது, ஒரு கிணற்றில் நான்கு தலைமுறை தண்ணீர் அள்ளியது.

இந்த ஏற்பாட்டில் பெண்ணுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. கணவனோடு ஒத்துவராவிட்டால் வெளியேறுவது அவன்தான். பெண்ணும் பிள்ளைகளும் உம்மாவின் நிழலிலேயே இருப்பார்கள்.

2004 டிசம்பர் 26 இதையும் அசைத்தது. ஆழிப்பேரலையில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கடலோரத்திலிருந்த என் தங்கையின் வீடும் போயிற்று. அது உம்மா அவளுக்கு எழுதிக் கொடுத்த வீடு. உயிர்கள் தப்பியது அல்லாஹ்வின் கிருபை. பிறகு ஒரு திட்டத்தில் கல்வீடு கிடைத்தது. விண்ணப்பத்தில் 'குடும்பத் தலைவர்' என்றொரு கட்டம் இருந்தது. மச்சானின் பெயரை எழுதினார்கள். உரிமைப் பத்திரமும் அந்தப் பெயருக்கே வந்தது. இந்தக் கரையில் பல குடும்பங்களுக்கு இப்படித்தான் நடந்தது. தாய்வழியில் வந்த வீட்டைக் கடல் கொண்டுபோக, அதற்கு ஈடாக வந்தது ஆணின் சொத்தாயிற்று.

சில வருடங்களில் மச்சான் வேறொரு கல்யாணம் முடித்தார். "வீடு என்ட பேரில" என்றார். தங்கை, இரண்டு பிள்ளைகள், அவர்களோடிருந்த எங்கள் உம்மா, நான்கு பேரும் சாமான்களோடு தெருவுக்கு வந்தார்கள். "நம்மட வீட்டுக்கு வாங்க உம்மா" என்று கூப்பிட்டேன். "அது உன்ட பொஞ்சாதிட வீடு மகன். நான் மகளோடதான் இருக்கணும்" என்றார் உம்மா. இன்றும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள்.

சீதன வீட்டை ஒழிக்க வேண்டும் என்று ஜும்ஆவில் பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் உம்மாவின் அந்த வார்த்தை நினைவுக்கு வரும். பிரசங்கம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மார்க்கம் பெண்ணுக்கு மஹர் கொடுக்கச் சொல்கிறது. நாமோ அவளிடமிருந்து வீடு கேட்கிறோம். அந்த வீட்டைக் கட்ட வாப்பாமார் வளைகுடாவில் உழைத்து ஓய்கிறார்கள். பிள்ளைகளை விட்டுவிட்டு வீட்டுப்பணிக்குப் போன உம்மாமாரும் உண்டு. தங்கைமாருக்கு வீடு முடியும்வரை நரைத்துப்போகும் காக்காமாரை எல்லா ஊரிலும் காணலாம்.

ஆனாலும் மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்குவதும் உம்மா தன் மகளுக்குக் கொடுப்பதும் ஒன்றல்ல. முன்னது ஒழியட்டும். பின்னதையும் சேர்த்துப் பிடுங்கினால், கைவிடப்பட்ட பெண்ணுக்கும் முதிர்ந்த தாய்க்கும் எந்தக் கூரை மிஞ்சும்?

இப்போது என் முறை வந்திருக்கிறது. மகளுக்கு வயது இருபது. வளவு ஆறு பேர்ச். மாமாவுக்கு ஒதுங்கப் பின்வளவு இருந்தது, எனக்கு அதுவுமில்லை. கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிய நமது ஊர்களில் இனி மேலே கட்டத்தான் இடமிருக்கிறது. படியேற மாமியின் முழங்கால் விடாது. அதனால் கீழே அவருக்கு, மாடி மகளுக்கு என்று மனைவியும் நானும் பேசி முடித்தோம். நாங்கள் இருவரும் மண்டபத்தில் படுத்துக்கொள்ளலாம்.

பத்திரம் மகளின் தனிப் பெயரில் எழுதப்படும். மாமிக்கும் மனைவிக்கும் சீவிய உரித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். "உங்கட பேரையும் போடவா சேர்?" என்று கேட்டார் நொத்தாரிசு. வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் என்னை வியப்போடு பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார்.