70 வளைவுகளுக்கு மேலே ஒரு பழக்காடு

சேலம் என்றாலே மாம்பழம்தான். சித்திரை, வைகாசியில் கடைவீதி முழுக்க மல்கோவாவும் குண்டு மாம்பழமும் மணக்கும். அங்கிருந்து ராசிபுரம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளிக்கு வந்து மலையேறினால் மணமே மாறிவிடும். அது கொல்லிமலைப் பலாவின் மணம்.

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்குகின்றன 70 கொண்டை ஊசி வளைவுகள். நாமக்கல் சமவெளியின் கோழிப்பண்ணைகளும் வெயிலும் ஒவ்வொரு வளைவிலும் கீழே இறங்கிப்போகின்றன. 1,000 மீட்டர் உயரத்தைத் தாண்டியதும் காற்றில் குளிர் ஏறிவிடும்.

மேலே போனால் எங்கும் பழம்தான். காபித் தோட்டத்துக்கு நிழலாகப் பலா மரம், சில்வர் ஓக் மரத்தைச் சுற்றிப் படரும் மிளகுக்கொடி, சரிவுகளில் அன்னாசி. ஒரு சீப்பு வாங்கி வைத்தால் வீடே மணக்கும் மனோரஞ்சித வாழையும் இந்த மலையின் சொத்து. கடையேழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. இங்குள்ள பலாவின் வளத்தை அகநானூறே பாடியிருக்கிறது.

விதைப்பது யார்?

தோட்டத்துப் பலாவை மனிதர் நட்டார்கள். காட்டில் இருக்கும் அத்தியையும் நாவலையும் நட்டது யார்?

பகலில் குக்குறுவான் அத்திப்பழம் தின்றுவிட்டுப் பறக்கிறது. அதன் எச்சத்தில் விதை வேறொரு மரக்கிளையில் போய் விழுகிறது. நாட்டுக்குரங்கு பழங்களைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு தூரமாகப் போய் உட்கார்ந்து, நிதானமாகத் தின்று கொட்டையைத் துப்புகிறது. இருட்டியதும் பழந்தின்னி வெளவாலும் மரநாயும் அதே வேலையைத் தொடர்கின்றன. கூலி கேட்காத தோட்டக்காரர்கள் இவர்கள்.

இந்தக் காட்டுக்கும் அருவிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மழைநீரை உறிஞ்சி வைத்து, மெல்ல மெல்ல ஓடைகளுக்கு விடுவது சோலைக்காடு. அப்படிச் சேரும் அய்யாறுதான் அறப்பளீஸ்வரர் கோயில் அருகே ஆகாய கங்கையாக சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. பிறகு புளியஞ்சோலை வழியாகத் திருச்சி மாவட்டச் சமவெளிக்குப் போகிறது.

இன்று அந்தச் சோலை திட்டுத் திட்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. சுற்றிலும் தோட்டங்கள், வயல்கள். சாமை, தினை விளைந்த நிலங்கள் பலவற்றில் இப்போது மரவள்ளிக்கிழங்கு. அது சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. சாமையைவிடக் கிழங்கு கையில் காசு தருகிறது என்பதால், மலைவாழ் மக்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு திட்டிலிருந்து இன்னொரு திட்டுக்கு விதையைக் கொண்டுபோகும் பறவையும் விலங்கும் இருப்பதால்தான் காடு இன்னும் மூச்சு விடுகிறது.

பிஸ்கட் வேண்டாமே!

கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி வேகம் குறைந்ததும் குரங்குகள் ஓடி வருகின்றன. ஜன்னல் வழியே பிஸ்கட், சிப்ஸ், சில நேரம் பாக்கெட்டோடு! குழந்தைகளுக்கு அது வேடிக்கை. ஆனால் சாலையோரத்தில் வயிறு நிறைந்த குரங்கு எதற்குக் காட்டுக்குள் போகும்? பழத்தைத் தேடவில்லை என்றால் விதையும் பரவாது. வண்டிச் சக்கரத்தில் சிக்கும் ஆபத்து வேறு. குரங்குக்குக் கொடுக்கும் ஒரு பிஸ்கட், காட்டுக்கு ஒரு மரம் குறைவு என்று நினைத்துக்கொள்ளலாம்.

அந்தக் காசுக்கு மேலே சந்தையில் ஒரு பலாப்பழமோ அன்னாசியோ வாங்கினால், விளைவித்த மலைவாழ் குடும்பத்துக்குப் போய்ச் சேரும்.

போகிறவர்களுக்கு: பலா சாப்பிட வைகாசி, ஆனி நல்ல சமயம். ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும். ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, திரும்ப ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து இறங்குவது நல்லது. தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும், காலி பாட்டில் பையிலேயே திரும்பட்டும்.