வாசலிலேயே விடை சொல்லும் நிரல்



நம் மஹல்லா மக்களுக்காக ஜகாத் கணக்கிடும் சிறு செயலி ஒன்றை எழுதினோம். அது கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதாம். விவரங்கள் முழுமையாகத் தரப்பட்டுள்ளனவா? கடன் போக எஞ்சும் செல்வம் நிஸாப் அளவாகிய 85 கிராம் தங்கத்தின் மதிப்பை எட்டுகிறதா? சந்திர ஆண்டு ஒன்று நிறைவுற்றதா? மூன்றுக்கும் ஆம் எனில் 2.5 விழுக்காடு.

இதனை இரு வகையில் எழுதலாம். ஒன்று, அறைக்குள் அறை கட்டுவது போல ஒரு நிபந்தனைக்குள் மற்றொன்றை வைப்பது. கணக்கு நடு அறையில் ஒளிந்திருக்கும். அதன் கீழே மூன்று 'இல்லையெனில்'கள் தலைகீழ் வரிசையில் நிற்கும். எது எந்தக் கேள்விக்குரியது என்றறிய, படிப்பவர் மேலும் கீழும் அலைய வேண்டும்.

மற்றொன்று, நிபந்தனை தவறிய இடத்திலேயே காரணம் சொல்லி வெளியேறுவது. விவரம் குறைந்தால் அதைக் கேட்டு முடித்துவிடும். நிஸாப் எட்டாவிடில் கடமையில்லை எனச் சொல்லி முடித்துவிடும். ஆண்டு நிறையாவிடில் நிறையும் நாளைச் சொல்லி முடித்துவிடும். எல்லாம் கடந்தபின் கணக்கு மட்டும் தனியே நிற்கும். நாம் இதனையே தேர்ந்தோம்.

இது வெறும் அழகுக்காக அன்று. விவரம் விடுபட்டதால் வந்த சுழியமும் செல்வம் குறைந்ததால் வந்த சுழியமும் ஒன்றல்ல. காரணமின்றிச் சுழியத்தைக் கண்டவர் தமக்குக் கடமையில்லை என்றெண்ணி எழுந்துவிடுவார். இழப்பு, அந்தப் பங்குக்கு உரிய ஏழைக்கே. மூன்று அடுக்குக்கு மேல் உள்தள்ளல் தேவைப்பட்டால் நிரலையே திருத்துங்கள் என்று லினக்ஸ் கெர்னலின் எழுத்துநெறியும் கூறுகிறது.

ஆயினும் வெளியேறும் வாசலுக்கும் காவல் வேண்டும். 2014-இல் ஆப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்பு இணைப்பு நிரலில் 'கோட்டூ ஃபெயில்' எனும் வெளியேற்ற வரி இருமுறை இடம்பெற்றிருந்தது தெரியவந்தது. அடைப்புக்குறிகள் இல்லாமையால், இரண்டாம் வரி எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாமல் இயங்கியது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் படி நடவாமலேயே, இணைப்பு செல்லும் என்ற விடை வந்தது.

ஆகவே நிரல் எழுதும் இளைஞர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: ஒவ்வொரு வெளியேற்றத்தையும் அடைப்புக்குறிக்குள் இடுங்கள், அதற்கென ஒரு காரணத்தை எழுதுங்கள், அந்த வழி செல்லும் சோதனை ஒன்றையாவது ஓட்டிப் பாருங்கள். நம் நிரலை நம்பிக் கடமையை நிறைவேற்றுவோர், அதனுள்ளே என்ன இருக்கிறதென்று ஒருபோதும் பார்க்கப் போவதில்லை.