பழகச் சுடுற வெடி

அமெரிக்காவில இருக்கிற மச்சான் ராத்திரி கோல் எடுத்தான்.
.44 மேக்னம் ரிவால்வர் ஒண்டு வாங்கியிருக்கானாம். பழகிறதுக்குத் தோட்டா வாங்கிக் கட்டுப்படியாகுதில்லையாம்.

பிறகு ஒரு வகுப்பே எடுத்தான்.
மேக்னம் வந்தது 1955இல. அதுக்கு மூத்தது 1907இல வந்த .44 ஸ்பெஷல். கோது கொஞ்சம் கட்டை, உதைப்பும் குறைவு. மேக்னம் துவக்குக்குள்ள ஸ்பெஷல் போகும். ஸ்பெஷல் துவக்குக்குள்ள மேக்னம் போகாது.
சுட்ட பித்தளைக் கோதுகளப் பொறுக்கி, புது மருந்தும் ஈயக் குண்டும் போட்டு அடைச்சா மலிவாம்.

நான் இலங்கையில, ஈச்சிலம்பற்று வட்டைக்குள்ள, யானைக் காவலுக்குப் பரண்ல இருந்து ‘ம்’ கொட்டிக்கொண்டிருக்கன்.
கையில யானை வெடி.

இஞ்ச துவக்கு எண்டா 1916ஆம் ஆண்டுச் சட்டம், வருசா வருசம் புதுப்பிக்கிற அனுமதிப்பத்திரம்.
யானை வெடியில பழகிப் பாக்க ஏது மிச்சம்? ஒவ்வொண்டும் நேரடிப் பரீட்சைதான்.
கொளுத்தி எறிஞ்சா, யானைக்கு முதல் ஓடுறது நான்தான்.

“உனக்கு எதுக்கடா அவ்வளவு பெரிய துவக்கு?” எண்டு கேட்டன்.
“கரடி வந்தா?” எண்டான்.
ஆள் இருக்கிறது நகரத்து நடுவில, பத்தாவது மாடியில!

நீங்களே சொல்லுங்க, எங்க ரெண்டு பேரில ஆருக்குப் பயிற்சி தேவை?