மண்ணீரல் கணக்கு

1901இல் மாவட்ட மருத்துவராகக் கிள்ளானுக்கு வந்தவர் மால்கம் வாட்சன். சதுப்பை வடித்து மலேரியாவை விரட்டியவர் என்று பேர் வாங்கியவர். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் அவர் செய்த ஒரு வேலை எனக்குப் பிடித்தமானது. பிள்ளைகளின் வயிற்றில், இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்ப்பார். மலேரியா திரும்பத் திரும்ப வந்த பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கிக் கைக்குத் தட்டுப்படும். நூற்றுக்கு எத்தனை பேருக்கு வீக்கம் என்பதுதான் அந்தத் தோட்டத்தின் மலேரியாக் கணக்கு. ஒவ்வொரு பிள்ளையிடமும் கிருமியைத் தேட வேண்டியதில்லை. கிருமிக்கு உடம்பு என்ன பதில் சொன்னது என்று கேட்டால் போதும்.

1911இல் வந்த அவர் புத்தகத்தில் இந்த விழுக்காடுகள் உண்டு. தோட்டத்துக்கு அதனால் நன்மைதான், வாய்க்கால் வெட்டினார்கள். ஆனால் மண்ணீரல் வீங்கிய அந்தப் பிள்ளை, பெரும்பாலும் தமிழ்ப் பிள்ளை, தன்னைப் பற்றி எதைத் தெரிந்துகொண்டது?

கிள்ளானில் இருக்கும் அக்காவுக்கு டெங்கி வந்தபோதுதான் இதையெல்லாம் யோசித்தேன். இரண்டாம் நாளே பரிசோதனையில் தெரிந்துவிட்டது. "டெங்கிதான். ஆனா எப்படிப் போகும்னு இப்ப சொல்ல முடியாது. தினமும் வந்து ரத்தம் குடுங்க" என்றார் டாக்டர். அவர் சொன்னது சரிதான். டெங்கி இருக்கிறதா என்று சொல்லும் பரிசோதனை, யாருக்கு முற்றும் என்று சொல்லாது. உறவுக்காரர்கள் பப்பாளி இலைச் சாறும் நண்டு சூப்புமாக வந்தார்கள். நான்காம் நாள் சூடு இறங்கியதும், "அதான் காய்ச்சல் விட்டுடுச்சுல்ல, இன்னும் என்ன பயம்லா?" என்றார் சித்தி. டெங்கியில் பயப்பட வேண்டிய நேரமே அதுதான். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழுவதெல்லாம் பெரும்பாலும் காய்ச்சல் விடும்போதுதான்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குக் கொமியூட்டரில் போய்வந்த அந்த நாட்களில், ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஒரு கட்டுரையைக் கைப்பேசியில் படித்தேன். கிருமி நுழைந்ததும் நம் வெள்ளணுக்கள் சில மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன, சிலவற்றை அடக்குகின்றன. முடுக்கிய மரபணு ஆர்.என்.ஏ. நகல்களை எழுதித் தள்ளும். அந்த நகல்களை எண்ணினால் உடம்பு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரியும். இவர்கள் எண்ணியது 8 மரபணுக்களை. கொலம்பியாவில் 377 டெங்கி நோயாளிகளிடம் சரிபார்த்திருக்கிறார்கள். பின்னால் முற்றியவர்களில் 100க்கு 86 பேரை அது முன்கூட்டியே காட்டியது. வாந்தி, வயிற்றுவலி, ஈறில் ரத்தம் என்று மருத்துவர்கள் பார்க்கும் எச்சரிக்கை அறிகுறிகள் 77 பேரைக் காட்டின. பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். மறுபக்கம் பாருங்கள். முற்றாதவர்களில் 100க்கு 60 பேரை அறிகுறிகள் வீணாகப் பயமுறுத்தின, மரபணுக் கணக்கு சுமார் 20 பேரை. இது ஆபத்து என்று சொன்ன ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் உண்மையில் முற்றியது என்பதும் நிஜம். ஆனால் பயமில்லை என்று சொன்னவர்களில் 99 விழுக்காட்டினருக்கு முற்றவில்லை. வாசலில் காத்துக்கிடக்கும் தம்பிக்கு வேண்டியது அந்த 99தான்.

காசநோய்க்கும் விரல்நுனி ரத்தத்தில் 3 மரபணுக்களை அளக்கும் கருவி சோதனையில் இருக்கிறது. சளி காறித் துப்பத் தெரியாத குழந்தைகளை நினைத்தால் அதன் அருமை புரியும்.

வாட்சன் கேட்ட அதே கேள்விதான். ஆனால் இந்தமுறை பதில் தோட்டத்துக்குப் போகாமல், ரத்தம் கொடுத்த ஆளுக்கே திரும்பி வரும். விலை எட்டினால். கொலம்பிய ரத்தத்தில் சரியாக வந்தது கிள்ளான் ரத்தத்திலும் சரியாக வந்தால்.

அக்காவிடம் இவ்வளவையும் சொன்னேன். முழங்கை மடிப்பில் ஊசி குத்திக் கன்றியிருந்த இடத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அந்த டெஸ்ட் இங்க இருக்கா?"

"இன்னும் வரலக்கா."

"அப்ப நாளைக்கு இந்தக் கையில குத்தச் சொல்லு" என்று மற்றக் கையை நீட்டினாள்.